புற்றரை வீடுகளின் சரித்திரம்

நிழற்படம் ஒன்றில், வெட்டவெளியிலே ஓர் ஆர்கன் வாத்தியம் நிற்கின்றது. அதன் அருகே ஒரு குடும்பம், சுற்றிலும் கால்நடைகள். வீட்டினுள் இருக்கவேண்டிய வாத்தியம் வெளியே வந்த காரணம் வேடிக்கையானது. தன் வீடு படத்தில் விழுவதை இல்லத்தரசி விரும்பவில்லை. மண்வீட்டில் வாழ்வதை ஊரிலுள்ள உறவினர் அறியலாகாது. ஆர்கன் இருப்பதை மட்டும் அறியவேண்டும்!

அமெரிக்காவின் நெபிராஸ்கா மாநிலத்திலுள்ள கஸ்ரர் கவுண்டியில், ஏறத்தாழ 1880களில் எடுக்கப்பட்ட படம் அது. கவுண்டி என்பது மாநிலத்தின் உட்பிரிவு. இதன் பரப்போ 2,500 சதுரமைலுக்கு மேல்.

1862இல் ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்ட குடியேற்றச் சட்டத்தின்படி, சிறு கட்டணம் செலுத்தி, ஐந்தாண்டு தங்கிப் பயிர்செய்தவர்க்கு 160 ஏக்கர் உரித்தாயிற்று. மணமாகாத பெண்களும் விண்ணப்பிக்கலாம். நிலம் கிடைத்தது, மரம் கிடைக்கவில்லை. ஆதலால் புல்வேர் பின்னிய தரையையே கலப்பையால் நீண்ட பாளங்களாகக் கீறி, துண்டுகளாக வெட்டிச் செங்கல்போல் அடுக்கினர். இரண்டடிக்கும் மேல் தடித்த அச்சுவர்கள் கோடையிற் குளிர்ச்சியும் மாரியில் வெப்பமும் தந்தன. கூரைதான் தொல்லை. வெளியே மழை விட்ட பின்னரும் உள்ளே சேற்றுநீர் சொட்டும். சிலவேளை பாம்பும் விழும்.

இவ்வாழ்வை நாம் இன்று கண்ணாற் காண்பதற்குக் காரணர், விவசாயத்திற் தோற்ற ஒருவர். சொலமன் புச்சர் 1880இல் தந்தையுடன் அங்கு வந்து, தமக்கென நிலம் பெற்று, இரண்டே வாரத்திற் கைவிட்டார். வைத்தியம் பயிலச் சென்றார், அதுவும் நிறைவேறவில்லை. எம்மைப்போல் ஆசிரியத் தொழிலும் பார்த்தார். 1886இல் அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது: குடியேறிய முதல் தலைமுறை மறையுமுன், அவர்களின் படங்களையும் வாய்மொழிக் கதைகளையும் திரட்டி ஒரு கவுண்டிச் சரித்திரம் எழுதவேண்டும். வண்டியிற் கமராவை ஏற்றிக்கொண்டு வீடு வீடாய்த் திரிந்தார். அயலார் சிரித்தனர், ஆயினும் படத்துக்கு நின்றனர்.

1890களின் வறட்சி பலரை ஊரைவிட்டு விரட்டியது. புச்சரின் முயற்சியும் தடைப்பட்டது. 1899இல் அவர் வீடு தீப்பற்றி, எழுதி வைத்தவையும் அச்சுப்படங்களும் சாம்பராயின. கண்ணாடித் தகடுகள் களஞ்சியத்தில் இருந்தமையால் தப்பின. கதைகளை மீண்டும் திரட்டி, 1901இல், கால்நடைப் பண்ணையாளர் ஒருவரின் பணவுதவியால் நூலை வெளியிட்டார். பள்ளி நூல்களில் இடம்பெறாத சாதாரணக் குடும்பங்களுக்கு அது பெயரும் முகமும் கொடுத்தது.

எனினும் அச்சரித்திரத்திற்கு முன் ஒரு சரித்திரம் உண்டு. 1877இல் அமைந்த இக்கவுண்டி, முந்திய ஆண்டில் சுதேச இந்தியருடன் பொருது மடிந்த இராணுவ அதிகாரி கஸ்ரரின் பெயரைத் தாங்குகின்றது. அதன் தலைநகருக்கோ ‘புரோக்கன் போ’, அதாவது முறிந்த வில், என்று பெயர். தபால் நிலையம் கேட்டு அனுப்பிய பெயர்கள் மறுக்கப்பட்டபோது, அங்கிருந்த கொல்லர் ஒருவர், பழைய இந்தியர் தங்குமிடத்திற் கண்டெடுத்த ஒடிந்த வில்லை நினைந்து இப்பெயரைச் சூட்டினாராம். பிளாற் ஆற்றின் வடபுறத்து நிலங்களை 1857ஆம் ஆண்டு உடன்படிக்கையில் விட்டுக்கொடுத்த பாவ்னி மக்கள், 1870களில் நெபிராஸ்காவிலிருந்தே தெற்கே, இன்றைய ஒக்லகோமாவுக்குப் பெயர்ந்தனர். புச்சர் கமராவைத் தூக்கியபோது அவர்கள் போய்ப் பத்தாண்டு கழிந்திருந்தது.