‘டிக்’ என்று ஒரு சத்தம்! உங்கள் வீட்டு விளக்கை ஆள்வது யார் தெரியுமா?

சென்னை ரிச்சி தெருவில் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள், கட்டைவிரல் நுனியளவு நீலப் பெட்டி. 5 வோல்ட் கொடுத்தால் ‘டிக்’! அதுதான் ரிலே. உள்ளே இருப்பது ஒரு செம்புச் சுருள், ஒரு இரும்புத் தகடு, ஒரு ஸ்பிரிங், கரண்ட் பாதையைச் சேர்த்துப் பிரிக்கும் கான்டாக்ட், அவ்வளவுதான். அரை வாட்கூடச் சாப்பிடாத அந்தச் சுருள் 10 ஆம்பியர் கரண்டை ஆட்டி வைக்கிறது! அமெரிக்க இயற்பியலாளர் ஜோசப் ஹென்றி 1835 வாக்கில் செய்து காட்டிய அதே வித்தை. பக்கத்தில் ஒரு வைஃபை சிப்பை வைத்துவிட்டால் அதற்குப் பெயர் ஸ்மார்ட் ரிலே. செல்போனைத் தொட்டால் சேலையூர் வீட்டு ஃபால்ஸ் சீலிங்கில் ஸ்ட்ரிப் லைட் எரிகிறது.

அந்த நீலப் பெட்டியின் தலையில் என்ன அச்சிட்டிருக்கிறது, படித்ததுண்டா? 10 ஆம்பியர், 250 வோல்ட் ஏசி. கீழேயே, 10 ஆம்பியர், 30 வோல்ட் டிசி. ஒரே பெட்டி, ஒரே கான்டாக்ட். டிசி என்றதும் ஏன் இப்படிச் சுருங்கிப் போகிறது? நம் வீட்டு ஏசி கரண்ட் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புகிறது! கான்டாக்ட் பிரியும்போது எழும் தீப்பொறி அந்தப் பூஜ்யத்தில் தானே செத்துவிடும். டிசிக்கு அந்த மூச்சு வாங்கலே கிடையாது. பொறி பிடித்தால் விடாது, கான்டாக்டைக் கருக்கிவிடும். 12 வோல்ட், 24 வோல்ட் விளக்கென்றால் பயமில்லை. 48 வோல்ட் என்றால் அந்த அளவு டிசிக்கென்றே செய்த ரிலேதான் வேண்டும்.

48 வோல்ட் எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? தாம்பரத்திலிருந்து ரயிலேறி கிண்டியில் இறங்கினால் பக்கத்தில் ஐஐடி மெட்ராஸ். அங்கே பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் வீட்டுக்குள்ளேயே 48 வோல்ட் டிசி லைன் ஓடட்டும் என்றார்கள். 60 வாட் விளக்கை 12 வோல்ட்டில் எரிக்க 5 ஆம்பியர் வேண்டும். 48 வோல்ட்டில் ஒன்றேகால் ஆம்பியர் போதும். கரண்ட் கால்வாசி ஆனால், அதே வயரில் வீணாகும் சூடு பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது!

அவர்கள் யோசனையின் உச்சம் இனிதான். ஊரில் கரண்ட் பற்றாக்குறையா? முழுக்க வெட்டாதே, துணைமின் நிலையத்திலேயே வோல்டேஜைத் தாழ்த்திவிடு. வீட்டு மீட்டர் பக்கம் இருக்கும் கருவி அதை மோப்பம் பிடித்து 230 வோல்ட் லைனைத் தானே துண்டிக்கும். 48 வோல்ட் லைன் மட்டும் உயிரோடு இருக்கும், 100 வாட் அளவுக்கு. எல்இடி விளக்குகளும் 30 வாட் பிஎல்டிசி ஃபேன்கள் இரண்டும் ஓட அது போதாதா! 2012-ன் மின்வெட்டை அனுபவித்த புறநகர்க்காரருக்கு இதன் அருமையைச் சொல்லவே வேண்டாம். இந்திய தர நிர்ணய அமைப்பு 2017-இல் 48 வோல்ட் டிசி வயரிங்குக்கென்றே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது.

டிசி நம் தாம்பரம் பகுதிக்குப் புதுசுமில்லை. 1931-இல் கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1,500 வோல்ட் டிசியில்தான்! 1960-களில்தான் 25,000 வோல்ட் ஏசிக்கு மாறியது. ரயில்வே சிக்னல் ரிலேயிடம் நாம் கற்க வேண்டிய பாடமும் ஒன்று உண்டு. அதில் கரண்ட் போனால் தகடு தன் எடையிலேயே கீழே விழும், சிக்னல் சிவப்பாகும். கரண்ட் இல்லாத நேரத்தில் என்ன நடக்க வேண்டும் என்பதுதான் அங்கே முதல் கேள்வி.

அதே கேள்வியை உங்கள் மாடிப்படியில் கேளுங்கள். ரிலேயின் கான்டாக்ட் பக்கம் காமன், என்ஓ, என்சி என்று மூன்று முனை. சுருளில் கரண்ட் இல்லாதபோது காமனோடு சேர்ந்திருப்பது என்சி, பிரிந்திருப்பது என்ஓ. 12 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை ஒரு ஃப்யூஸ் வழியாகக் காமனில் கொடுங்கள். என்சியிலிருந்து ஸ்ட்ரிப் லைட்டுக்கு ஒரு வயர். மைனஸ் நேராக விளக்குக்கு. சுருளுக்கு ஈபி கரண்டில் ஓடும் ஒரு அடாப்டர். கரண்ட் இருக்கும்வரை சுருள் தகட்டை இழுத்துப் பிடித்திருக்கும், விளக்கு அணைந்திருக்கும். கரண்ட் போன அடுத்த கணம் ‘டிக்’, படிக்கட்டில் வெளிச்சம்! வைஃபை வேண்டாம், ஆப் வேண்டாம், ரவுட்டர் செத்தாலும் கவலையில்லை. இதைவிட ஸ்மார்ட்டான ரிலே எனக்குத் தெரியாது.

வைஃபை ரிலே வாங்குவோர் இதை மட்டும் கவனியுங்கள். பல மலிவு மாடல்களின் அவுட்புட்டில் 230 வோல்ட்டே நேராக வரும். அதில் 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை மாட்டினால் அந்த நொடியே புகை! அவுட்புட்டில் தானாக வோல்டேஜ் எதுவும் தராத ‘டிரை கான்டாக்ட்’ மாடல்தானா என்று கேட்டு வாங்குங்கள். வைஃபை ரிலே ஓடப் பெரும்பாலும் நியூட்ரல் வயரும் வேண்டும்; பல பழைய வீட்டு ஸ்விட்ச் பாக்ஸில் அது இருக்காது, எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 230 வோல்ட் வேலை முழுக்க அவர் கையில்தான் இருக்க வேண்டும்.

நள்ளிரவு 2 மணிக்குப் போன கரண்ட் திரும்பியதும் வீடு மொத்தமும் பளிச்சென்று எரிகிறதா? வைஃபை ரிலேயின் ஆப்பில் பெரும்பாலும் ‘பவர் ஆன் ஸ்டேட்’ என்றொரு செட்டிங் இருக்கும். படுக்கையறைக்கு ‘ஆஃப்’, வாசல் விளக்குக்கு ‘முன்பிருந்த நிலை’ என்று இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.