ஜாக் எண்டினோ

ஜாக் எண்டினோ (பிறப்பு: 1964) அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வாழும் ஒலிப்பதிவாளர், இசைத்தட்டுத் தயாரிப்பாளர், கிதார் கலைஞர். 1980களின் பிற்பகுதியில் அந்நகரில் ‘கிரன்ஞ்’ என்ற ராக் இசைவகை உருவானபோது, அதன் தொடக்ககால இசைத்தட்டுகள் பலவற்றைப் பதிவு செய்தவர் இவர்.

தயாரிப்பாளரின் வேலை

தமிழில் தயாரிப்பாளர் என்றதும் படத்துக்குப் பணம் போடுபவரே நினைவுக்கு வருவார். இசைத்தட்டு உலகில் பொருள் வேறு. செலவை நிறுவனமோ குழுவோ ஏற்கும். எத்தனை முறை வாசிக்க வைப்பது, அவற்றில் எதை வைத்துக்கொள்வது, எந்தக் கருவியின் ஒலியை முன்னே கொண்டுவருவது என்று முடிவு செய்பவரே தயாரிப்பாளர். திரைப்பட இயக்குநரோடு ஒப்பிடுவதே பொருந்தும். பெரிய நிறுவனங்களின் ஆதரவில்லாத ‘இண்டி’ குழுக்களிடம் பணம் குறைவு. ஆகவே அங்கே மைக் வைப்பதிலிருந்து ஒலிக்கலவை முடிப்பது வரை பெரும்பாலும் ஒரே ஆள்தான்.

ரெசிப்ரோகல் ஒலிப்பதிவுக்கூடம்

எண்டினோ மின்பொறியியல் படித்தவர். பிரெமர்டன் கடற்படைக் கப்பல்தளத்தில் பார்த்த வேலையை விட்டுவிட்டு இசைக்கு வந்தார். பெற்றோர் எவரும் எளிதில் ஒப்பக்கூடிய முடிவல்ல அது. 1985இல் ‘ஸ்கின் யார்ட்’ என்ற குழுவில் கிதார் வாசிக்கத் தொடங்கினார். 1986இல் கிறிஸ் ஹான்செக்குடன் சேர்ந்து, பல்லார்ட் பகுதியில் முக்கோண வடிவக் கட்டடம் ஒன்றில் ரெசிப்ரோகல் கூடத்தை நடத்த ஆரம்பித்தார்.

அங்கிருந்தது 8 தடங்கள் கொண்ட நாடாப் பதிவுக் கருவி. டிரம்ஸுக்கே சில தடங்கள் போய்விடும். மீதியில் பேஸ், கிதார், குரல் எல்லாம் அடங்க வேண்டும். ஒலிகளை அடுக்கடுக்காகச் சேர்க்க இடமில்லை, குழுக்களிடம் அதற்கான காசும் இல்லை. சேர்ந்து வாசித்ததை அப்படியே பிடிப்பதுதான் வழி. கிரன்ஞ் இசையில் கேட்கும் முரட்டுத்தனத்தில் இந்த நெருக்கடிக்கும் பங்குண்டு. கிரீன் ரிவர், சவுண்ட்கார்டன், மட்ஹனி ஆகிய குழுக்கள் சப் பாப் நிறுவனத்துக்காகச் செய்த தொடக்கப் பதிவுகள் எண்டினோவிடம் நடந்தவை.

நிர்வாணா

1988 ஜனவரி 23 அன்று, இன்னும் எவரும் அறியாத கர்ட் கோபைனும் கிறிஸ்ட் நோவொசெலிக்கும் அங்கு வந்தார்கள். மெல்வின்ஸ் குழுவின் டேல் குரோவர் டிரம்ஸ் வாசித்தார். ஒரே பிற்பகலில் 10 பாடல்கள். பத்தாவது பாடலின் நடுவில் நாடா தீர்ந்துவிட்டது. இன்னொரு சுருள் வாங்கப் பணமில்லாததால் அது முழுமை பெறாமலே நின்றது. கட்டணம் 152.44 டாலர். கேட்ட பாட்டில் ஏதோ இருக்கிறது என்று பட்டதால், எண்டினோ அதன் பிரதியைச் சப் பாப் நிறுவனர்களில் ஒருவரான ஜோனதன் போன்மனிடம் கொடுத்தார்.  உள்ளூர்த் தயாரிப்பாளரின் பணியில், கருவிகளைக் கையாளும் திறனைவிடவும் இதுவே பெரிது எனலாம்.

அதன் வழியே வந்ததுதான் 1989 ஜூனில் வெளியான ‘பிளீச்’ ஆல்பம். சுமார் 30 மணி நேரப் பதிவு, செலவு 606.17 டாலர். அதாவது மணிக்கு ஏறக்குறைய 20 டாலர். அதையும் கட்டியவர் ஜேசன் எவர்மன். ஆல்பத்தில் அவர் ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை, ஆனாலும் கிதார் கலைஞர் என்று உறையில் அவர் பெயர் உள்ளது. எண்டினோ அவ்வுறையில் ‘தயாரித்தவர்’ அல்லர், ‘பதிவு செய்தவர்’ மட்டுமே.

1991இல் வெளிவந்த ‘நெவர்மைண்ட்’ ஆல்பத்தை விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த புட்ச் விக் தயாரித்தார். அது உலகெங்கும் பரவியபின் ‘பிளீச்’சையும் மக்கள் தேடி வாங்கினர், அமெரிக்காவில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது.

பின்னர்

ரெசிப்ரோகல் அதே 1991இல் மூடப்பட்டது. எண்டினோ வெவ்வேறு கூடங்களில் பணியைத் தொடர்ந்தார். பிரேசிலின் டிட்டான்ஸ் குழு 1993இல் வெளியிட்ட ‘டிட்டானோமாக்கியா’, ப்ரூஸ் டிக்கின்சனின் ‘ஸ்கங்க்வொர்க்ஸ்’ (1996) ஆகியவை அவர் தயாரித்தவை. சியாட்டிலின் சிறு குழுக்களுக்குப் பதிவு செய்வதையும் அவர் விடவில்லை.