உஷார்! குனிந்து உட்கார்ந்தால் குறைகிற நெஞ்சுவலியை ‘கேஸ்’ என்று விட்டுவிடாதீர்கள்

படுத்தால் நெஞ்சு வலிக்கிறது. எழுந்து முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. மூச்சை ஆழமாக இழுத்தால் சுருக்கென்று குத்துகிறது. உடனே நம் வீடுகளில் ஓம வாட்டர் வரும், ஒரு கேஸ் மாத்திரை வரும். “வாயுப் பிடிப்புதான், காலையில சரியாயிடும்” என்று படுக்கவும் வைத்துவிடுவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இதயத்தைச் சுற்றியிருக்கும் உறையில் அழற்சி வந்தாலும் வலி இப்படித்தான் இருக்கும்.

இதயம் இருக்கும் பை

அந்த உறைக்குப் பெயர் பெரிகார்டியம். வெளிப்புறம் தடித்த நார்த்திசு. கீழே உதரவிதானத்தோடும், முன்னால் நெஞ்செலும்போடும், மேலே பெரிய ரத்தக்குழாய்களோடும் இணைந்து இதயத்தை இடம் பெயராமல் பிடித்திருப்பது இதுதான். அதன் உட்புறத்தில் ஒரு மெல்லிய சவ்வு. ரத்தக்குழாய்கள் தொடங்கும் இடத்தில் அதே சவ்வு மடிந்து திரும்பி, இதயத்தின் மேலேயே போர்த்திக்கொள்கிறது. இரண்டு மடிப்புக்கும் நடுவே 15 முதல் 50 மில்லி நீர். இதயம் உராயாமல் துடிக்க அது போதும்.

அழற்சி வந்தால் சவ்வுகள் ஒன்றோடொன்று உரசும். ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் புதுத் தோல் செருப்பு மாதிரி கரகரவென்று கேட்கலாம். உறையின் வலியைச் சொல்லும் நரம்பு கழுத்திலிருந்து இறங்கி வருவதால், வலி தோள்பட்டை மேட்டிலும் தெரியும். அதைச் சுளுக்கு என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தால் நேரம்தான் போகும்.

உயிருக்கே ஆபத்து எப்போது?

நார் உறை சட்டென்று விரிந்துகொடுக்காது. நீர் மாதக்கணக்கில் மெல்லச் சேர்ந்தால் ஒரு லிட்டருக்கு மேல்கூடத் தாங்கும். அதே நீரோ ரத்தமோ மளமளவென்று 150, 200 மில்லி சேர்ந்தாலே போதும், இதயம் நெரிபடும். முதலில் அழுத்தம் குறைந்த வலப்புற அறைகள் அமுங்கும். உள்ளே ரத்தம் நிரம்ப இடமில்லாவிட்டால் இதயம் எதை வெளியே தள்ளும்? டாக்டர்கள் இதை டாம்போனேட் என்பார்கள். பி.பி. இறங்குவது, கழுத்து ரத்தநாளங்கள் புடைப்பது, இதயச் சத்தம் மங்குவது என்ற மூன்று அடையாளங்களை கிளாட் பெக் என்ற அறுவை நிபுணர் 1935-லேயே எழுதிவைத்தார். மூன்றும் சேர்ந்து தெரியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மூச்சுத்திணறல், தலைசுற்றல், சில்லென்ற வியர்வை என்றால் உடனே 108.

யாருக்குக் கூடுதல் கவனம்?

வைரஸ் காய்ச்சல் வந்து போனவர்கள், காசநோய் உள்ளவர்கள், சிறுநீரகம் செயலிழந்தவர்கள், நுரையீரல் அல்லது மார்பகப் புற்றுநோய் உள்ளவர்கள், சமீபத்தில் மாரடைப்போ இதய ஆபரேஷனோ ஆனவர்கள், விபத்தில் நெஞ்சில் அடிபட்டவர்கள். காசநோய்க்குப் பிறகு சிலருக்கு உறை தடித்து இறுகிப்போகும். கால் வீங்கும், வயிற்றில் நீர் கோக்கும். அதைக் கல்லீரல் கோளாறு என்று நினைத்து வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பதும் உண்டு.

என்ன செய்ய வேண்டும்?

* ‘குனிந்தால் குறைகிறதே, மாரடைப்பாக இருக்காது’ என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். ஈ.சி.ஜி.யும் ரத்தப் பரிசோதனையும் பார்த்து டாக்டர் சொல்லட்டும்.
* எக்கோ எடுக்கச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். உறைக்குள் சேர்ந்த நீர், துடிக்கும் இதயத்தைச் சுற்றிக் கறுப்புப் பட்டையாகத் திரையில் தெரியும். தேவைப்பட்டால் ஊசி வழியாக அதை வெளியேற்றிவிடலாம்.
* ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முதலிலேயே சொல்லுங்கள்.
* மூச்சு வாங்குகிறதே என்று வீட்டில் கிடக்கும் நீர் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். டாம்போனேட்டாக இருந்தால் பி.பி. இன்னும் சரியும்.
* வலி நின்றதும் மருந்தை நிறுத்தாதீர்கள். உறை அழற்சிக்கான கால்ச்சிசின் மாத்திரை வழக்கமாக 3 மாதம் தரப்படுகிறது; பாதியில் விட்டால் வலி திரும்ப வரலாம். காசநோய் மருந்தையும் டாக்டர் சொன்ன காலம் முழுக்கச் சாப்பிட வேண்டும்.

வைரஸால் வரும் உறை அழற்சி பெரும்பாலும் மருந்திலேயே குணமாகிவிடும். நேரத்தோடு போனால்தான் அதுவும். நடுராத்திரி நெஞ்சு வலித்தால் விடியட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள், அப்போதே கிளம்புங்கள்.