அசையும் வண்டியில் அசையாக் குழல்

வானொலி அலைகளால் தொலைவிலிருந்து ஓட்டப்பெறும் மாதிரி டாங்கி, சிறுவரையும் பெரியோரையும் ஒருங்கே கவரும் பொருள். ஜப்பானின் தமியா, சீனத்தின் ஹெங் லாங் முதலிய நிறுவனங்கள் உண்மை டாங்கியைப் பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கி இவற்றைச் செய்கின்றன. சங்கிலிப் பட்டை சுழலும், மேற்கூண்டு திரும்பும், பீரங்கிக் குழல் உயரும், தாழும். ஆயினும் முற்றத்தில் ஒரு செங்கல் துண்டின்மீது ஏறி இறங்கும்போது இதன் குறை வெளிப்பட்டுவிடும். வண்டியின் மூக்கு எழுந்தால் குழலும் வானத்தைப் பார்க்கும். மூக்கு கவிழ்ந்தால் குழலும் தரையைப் பார்க்கும். இக்காலத்து உண்மை டாங்கி இவ்வாறு தலையாட்டுவதில்லை. உடல் எவ்வளவு குலுங்கினும் குழல் குறித்த திசையிலேயே நிற்கும். அந்த ஆற்றலைச் சில நூறு ரூபாய்ச் செலவில் மாதிரி வண்டிக்கும் ஊட்டலாம். அதன் வகையை இங்கே கூறுவோம். இத்தகைய பொருளைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா என்று பெற்றோர் கேட்கும் கேள்விக்கும் நம் விடையைச் சொல்வோம்.

தேவை பிறந்த கதை

1,000 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கை நோக்கிய குழல் ஒரு பாகை பிசகினால், குண்டு ஏறத்தாழ 17 மீட்டர் விலகிப் போகும். ஆகவே பழைய டாங்கிகள் குறிபார்த்துச் சுடுவதற்கு ஓட்டத்தை நிறுத்த வேண்டியிருந்தது. நின்றுவிட்ட வண்டியோ எதிரிக்கு எளிய இலக்கு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர் தம் ஷெர்மன் டாங்கியில் ஜைரோஸ்கோப் கொண்ட நிலைநிறுத்தியைப் பொருத்தினர். அது குழலின் ஏற்ற இறக்கத்தை மட்டுமே சரிசெய்தது. பயிற்சி போதாத வீரர் பலர் அதை இயக்காமலே விட்டுவிட்டனர். போருக்குப்பின் பிரிட்டனின் செஞ்சூரியன் டாங்கி, மேல்கீழ், இடவலம் ஆகிய இரு வழிகளிலும் நிலைநிறுத்தும் அமைப்பைப் பெற்றது. 1965-இல் பஞ்சாபில் நிகழ்ந்த அசல் உத்தர் போரில் நம் படையினர் செலுத்திய டாங்கிகளுள் செஞ்சூரியனும் ஒன்று. அதே ஆண்டில் சென்னையை அடுத்த ஆவடித் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா டாங்கி வெளிவந்தது. மாதிரி டாங்கி செய்ய விரும்பும் தமிழ்ப் பிள்ளைக்கு ஆவடியின் பெயர் தெரிந்திருத்தல் நன்று.

தத்துவம்

நிலைநிறுத்துதல் என்றவுடன், குழலை இறுகப் பிடித்து வைத்தல் என்று எண்ணத் தோன்றும். உண்மை இதற்கு நேர்மாறானது. ஓடும் ரயிலில் விளிம்புவரை நிறைந்த காப்பி டம்ளரை ஏந்தி வருபவரைக் கவனியுங்கள். கையை விறைப்பாக வைத்துக்கொண்டால் காப்பி சட்டையில் சிந்தும். வண்டி எழும்போது முழங்கை தாழவும், வண்டி தாழும்போது முழங்கை உயரவும் விட்டுக்கொடுப்பவரே சிந்தாமல் தம் இருக்கையை அடைவார். வண்டியை நோக்க அவர் கை அசைகிறது. நிலத்தை நோக்க அசையாதிருக்கிறது. குழலும் அவ்வாறே. வண்டியின் மூக்கு 5 பாகை எழுந்தால், அக்கணமே குழல் 5 பாகை தாழவேண்டும்.

கருவிகள்

சாய்வை உணரும் சில்லு, கணக்கிடும் பலகை, குழலை அசைக்கும் சர்வோ மோட்டார் ஆகிய மூன்றும் வேண்டும். எம்.பி.யு. 6050 என்னும் சில்லு நகக்கண் அளவினும் சிறியது. அதனுள் ஜைரோஸ்கோப்பும் முடுக்கமானியும் அடங்கியுள்ளன. பழைய ஜைரோஸ்கோப்பில் கனத்த சக்கரம் சுழலும். இதிலோ நுண்ணிய சிலிக்கன் துண்டு இடையறாது அதிர்கிறது. சில்லு திரும்பும்போது அத்துண்டு சற்றே பக்கவாட்டில் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளலை அளந்து சுழலும் வேகத்தை அறிகிறோம்.

இவ்விரண்டும் இரு சாட்சிகளைப் போன்றவை. ஜைரோஸ்கோப் விரைந்து சொல்லும். ஆனால் நேரம் செல்லச் செல்ல அதன் கணக்கு மெல்லப் பிசகும். முடுக்கமானி புவியீர்ப்பின் திசையைப் பிசகாமல் காட்டும். ஆனால் குலுக்கல் வந்தால் குழம்பிவிடும். ஆகவே முதற்சாட்சிக்கு நூற்றுக்கு 98 பங்கும், இரண்டாம் சாட்சிக்கு 2 பங்கும் மதிப்புக் கொடுத்து நிரல் எழுதுவது வழக்கம். ஆர்டுவினோ நானோ என்னும் சிறு பலகை இக்கணக்கைத் தாராளமாகச் செய்யும்.

மோட்டாரின் விரைவைப் பற்றி ஒரு சொல். பதினாறில் ஒரு பங்கு நீளமுள்ள ஊசல் நான்கு மடங்கு விரைந்து ஆடும். சிறு வண்டியின் குலுக்கலும் அவ்வாறே பெரிய வண்டியினதைவிடத் துடிப்பானது. ஆதலால் மந்தமான மோட்டார் உதவாது. 9 கிராம் எடையுள்ள சிறு சர்வோ மோட்டார், 60 பாகையை ஏறத்தாழ நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் கடக்கும், அது போதும்.

செய்முறை

மின்னணுப் பகுதியைத் தொடுமுன் குழலைத் தராசுபோல் சமன்செய்க. உலோகக் குழலாயின் முனை கனத்துத் தொங்கும். பின்புறம் சிறிது ஈயம் ஒட்டி, விட்ட இடத்தில் நிற்குமாறு செய்தல் வேண்டும். அடுத்து, மோட்டாரையும் குழலையும் இணைக்கும் கம்பியில் ஆட்டம் இருத்தலாகாது. மெல்லிய ரப்பர் வளையம் ஒன்று இழுத்துப் பிடித்தால் தளர்ச்சி நீங்கும். இவ்விரண்டையும் செய்யாதவர்க்கு எத்தனை நல்ல நிரலும் நடுக்கத்தையே தரும்.

சில்லைப் பொருத்தும் இடம் மிக முக்கியம். வண்டியின் உடலில் பொருத்தினால், குழல் முன்னோக்கி இருக்கும்வரை எல்லாம் சரியாகவே தோன்றும். மேற்கூண்டைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டாலோ, வண்டியின் இடவலச் சாய்வே குழலின் ஏற்ற இறக்கமாகிவிடும். சில்லின் கணக்கு பொய்க்கும். ஆகவே அதனை மேற்கூண்டினுள், குழலின் திசைக்கு நேராக, மெத்தென்ற ஒட்டுநாடாவின்மீது வைக்க வேண்டும். மெத்தை, பற்சக்கரங்களின் அதிர்வைத் தடுக்கும்.

மோட்டாருக்குத் தனி 5 வோல்ட் வழங்கி வேண்டும். பலகையிலிருந்தே மின்சாரம் எடுத்தால், மோட்டார் துள்ளும்போதெல்லாம் மின்னழுத்தம் சரிந்து பலகை மயங்கிவிடும். இரண்டின் எதிர்முனைக் கம்பிகளும் ஒன்றாக இணைந்திருத்தல் அவசியம்.

வண்டியை இயக்கியவுடன் இரண்டு மூன்று நொடிகள் அசைக்காது விட்டால் சில்லு தன் சுழிநிலையை அறிந்துகொள்ளும். மோட்டார் 20 பாகை திரும்பக் குழல் 10 பாகையே நகர்வதாயின், அந்த விகிதத்தை அளந்து நிரலில் எழுதுக. திருத்தத்தின் வலிமையைச் சிறிது சிறிதாகக் கூட்டி, குழல் நடுங்கத் தொடங்கும்போது சற்றே குறைக்க வேண்டும். செஞ்சூரியனின் குழல் 20 பாகை உயரும், 10 பாகை தாழும். மாதிரிக்கும் அத்தகைய எல்லை வகுத்தால் மோட்டார் முட்டி மோதிக் கருகாது.

சோதனைக்கு ஒரு நூல் போதும். குழலுக்குப் பின்னே நூலைக் கிடையாகக் கட்டி, வண்டியை ஒரு பலகைமேல் நிறுத்திப் பலகையை முன்னும் பின்னும் சாய்த்துப் பார்க்கலாம். குழல் நூலுக்கு இணையாகவே நின்றால் வேலை முடிந்தது. இடவலத் திருத்தத்தைப் பிறகு பார்க்கலாம். அதற்குப் புவியீர்ப்பு சாட்சி சொல்லாது.

பெற்றோர்க்கு

போர்க்கருவியின் உருவைப் பிள்ளைக்குக் கொடுப்பதா என்று தயங்குவோர் உளர். அத்தயக்கம் மதிக்கத்தக்கதே. இவ்வண்டிகளுட் சில 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் உருண்டைகளைச் சுடுவன. குழல் தானே திரும்பும்படி செய்தபின் அந்த அமைப்பு அறவே கூடாது. ஓர் உருண்டை கண்ணைப் பறிக்கப் போதும். அதனைக் கழற்றிவிட்டு, அகச்சிவப்புக் கதிரால் விளையாடும் வகையையே அனுமதியுங்கள். லித்தியம் மின்கலத்தைப் பெரியவர் கண்பார்வையில் மட்டுமே மின்னேற்ற வேண்டும்.

ஆனால் பிள்ளை இதில் கற்பது சுடுவதையன்று. நடுக்க நோயால் கை ஆடுவோர் சிந்தாமல் உண்பதற்கென லிஃப்ட்வேர் என்னும் கரண்டி ஒன்று செய்யப்பட்டது. கை ஆடும் திசைக்கு எதிராகக் கரண்டியின் தலை அசைந்து உணவைக் காக்கும். அதைச் செய்த நிறுவனத்தை 2014-இல் கூகிள் வாங்கியது. அதிலும் இருப்பது இதே தத்துவம். இதே போன்ற சில்லு. இதே போன்ற சிறு மோட்டார்.

ஆகவே ஆயத்தமாக விற்கும் பலகையை வாங்கிப் பொருத்திக் கொடுத்துவிடாதீர்கள். சில்லையும் மோட்டாரையும் தனித்தனியே வாங்கிக் கொடுத்து, பிள்ளையோடு தரையில் அமர்ந்து குழலைச் சமன்செய்யுங்கள். ‘இந்தச் சில்லை வேறு எதில் வைக்கலாம்?’ என்று அவன் கேட்டாலும் அவள் கேட்டாலும், செலவழித்த பணம் வட்டியுடன் திரும்பியதாகக் கருதலாம்.