அந்தமான் பிரயாணமும் காமிராப் பையும்

அந்தமானுக்குப் பிரயாணம் நிச்சயமான அன்பர்கள், படமெடுப்பதில் பிரியமுள்ளவர்களாக இருந்தால், என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: எந்த லென்ஸை எடுத்துக்கொள்ளலாம், எதை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம்? விடை சொல்வதற்கு முன் அந்தத் தீவுகளின் வெளிச்சத்தையும் ஈரத்தையும் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது; ஏனெனில், பையில் எது இருக்க வேண்டும் என்பதை நம்முடைய ஆசையின் தீர்ப்புக்கு விடுவதைவிட அவ்விரண்டின் தீர்ப்புக்கு விடுவதே உத்தமம் என்பது என் அனுபவம்.

2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர், ஏறக்குறைய நம் கடலூருக்கு நேர் கிழக்கே, வங்கக் கடலின் மறுபக்கத்தில் இருக்கிறது. அத்தனை தூரம் கிழக்கே தள்ளியிருந்தும் கடிகாரம் மட்டும் இந்திய நேரத்தையே காட்டுவதால், சூரியோதயமும் அஸ்தமனமும் சென்னையைவிடச் சுமார் 50 நிமிஷம் முந்தி நிகழ்ந்துவிடுகின்றன. மார்கழி மாதத்தில் மாலை 5 மணி சுமாருக்கே சூரியன் மறைந்துவிடும். ஆகையால், சிற்றுண்டியை நிதானமாக முடித்துக்கொண்டு 9 மணிக்குக் காமிராவைத் தோளில் மாட்டுகிறவர், எத்தனை விலையுயர்ந்த லென்ஸ் வைத்திருந்தபோதிலும், அன்றைய உயர்ந்த வெளிச்சத்தைப் படுக்கையிலேயே இழந்தவராகிறார். ஹேவ்லாக் என்று வழங்கிவந்து 2018-இல் சுவராஜ் த்வீப் ஆன தீவில், கிழக்குக் கரையிலுள்ள காலாபத்தரில் உதயத்தையும், மேற்குக் கரையிலுள்ள ராதாநகரில் அஸ்தமனத்தையும் ஒரே நாளில் எடுத்துவிடலாம். அவ்விரண்டுக்கும் 24 முதல் 70 அல்லது 105 மில்லிமீட்டர் வரை செல்லும் ஒரே ஜூம் லென்ஸ் தாராளமாகப் போதும்.

நடுப்பகலில் கடல் கண்ணைக் கூசவைக்கும்போது போலரைசர் என்னும் சிறு கண்ணாடி வளையம் செய்யும் உபகாரம் மகத்தானது. நீர்ப்பரப்பின் பளபளப்பை அது விலக்கிவிடுவதால், அடியிலுள்ள பவளப் பாறையின் வர்ணம் மேலே தெரிய வருகிறது. ஆனால் மிக அகன்ற லென்ஸில் மாட்டினால், வானத்தின் ஒரு மூலை கருநீலமாகவும் மறுமூலை வெளிறியும் விகாரமாகப் பதியும். காட்டு நிழலுக்கும் அலையாத்திக் காடுகளின் ஓடைக்கும் 35 மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறிய, வெளிச்சத்தை அதிகம் வாங்கும் லென்ஸ் அவசியம். சிடியாடாப்புவில் பறவைகளுக்காகக் காத்திருக்க உண்மையாகவே மனமுள்ளவர் நீண்ட டெலி லென்ஸை எடுத்துச் செல்லட்டும். மற்றவர்களுக்கு அது வீண் சுமை. அமாவாசையை ஒட்டிய இரவுகளில் அலை கலங்கும்போது நீலமாய் ஒளிரும் நுண்ணுயிர்களைப் படமெடுக்க எண்ணினாலன்றி முக்காலியும் வேண்டாம். விமானத்தில் கைப்பைக்கு அனுமதிக்கப்படுவது பெரும்பாலும் 7 கிலோதான். உபரி பாட்டரிகளையும் அந்தப் பையில்தான் வைத்தாக வேண்டும். சரக்கில் போடும் பெட்டியில் அவற்றுக்கு அனுமதி கிடையாது.

லென்ஸ்களைக் குறைத்ததால் மிஞ்சும் இடத்தை ஈரத்திலிருந்து காக்கும் பொருள்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர், அதாவது சென்னையைப்போல் இரு மடங்குக்கும் மேலாக மழை பெய்யும் பிரதேசம் அது. ஏ.சி. அறையில் இரவு முழுவதும் குளிர்ந்த காமிராவை விடியற்காலையில் வெளியே கொண்டுவந்த மாத்திரத்தில், வெளிக்காற்றின் ஈரம் கண்ணாடியில் பனியாகப் படிந்துவிடுகிறது. துடைத்தாலும் மீண்டும் படியும். உதயமோ நமக்காகக் காத்திருப்பதில்லை. இதற்குப் பரிகாரம் மிக மலிவானது. அறையை விட்டுக் கிளம்புமுன் காமிராவை ஒரு பாலிதீன் பையிலிட்டு வாயை இறுகக் கட்டி, வெளியே வந்த பின் அரை மணி நேரம் அப்படியே விட்டுவைத்தால், ஈரம் பையின்மேல் படியுமேயன்றிக் கண்ணாடியை அணுகாது. கடற்கரையில் லென்ஸை மாற்றுவது கூடவே கூடாது. உப்புத் திவலை பட்ட கண்ணாடியை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். முதலில் ரப்பர் ஊதியால் மணலைப் போக்கி, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் மெதுவாக ஒற்றியெடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே வற்புறுத்திச் சொல்கிறேன். பாராடாங் குகைகளுக்குப் போகும் சாலை ஜாரவா என்னும் பழங்குடி மக்களின் காட்டினூடே செல்கிறது. அவர்களைப் படமெடுப்பது சட்டப்படி குற்றம். சட்டமே இல்லாவிட்டாலும், தம்மைப் பார்க்க வரும்படி யாரையும் அழைக்காத அந்த ஜனங்களின் முகத்துக்கு நேரே காமிராவை நீட்டுவது பண்பாகாது. அந்தச் சாலையில் காமிரா பைக்குள்ளேயே இருக்கட்டும்.

என்னிடம் பல ஆண்டுகள் நன்றாய் உழைத்த 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று இருந்தது. அந்தமானில் மழையிலும் உப்புக்காற்றிலும் அதைக் கண்போலக் காத்தேன். ஊர் திரும்பிய பின், பிரயாணக் களைப்பில், அழகிய தோலுறையிலிட்டு அலமாரியில் வைத்தவன், வடகிழக்குப் பருவமழை முழுவதும் அதைத் திறந்து பார்க்கவேயில்லை. ஈரத்தை உறிஞ்சிச் சேர்த்துவைப்பது தோலின் சுபாவம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தைமாதத்தில் எடுத்துப் பார்த்தபோது, உட்கண்ணாடியில் சிலந்தி நூல் பின்னியதுபோல் பூஞ்சணம் கிளை விட்டிருந்தது. பழுது பார்ப்பவர் அதை நீக்கிய பிறகும், அது அரித்த தடம் கண்ணாடியில் நிலைத்துவிட்டது.

ஆகவே, வாசகர்களே, வீடு வந்து சேர்ந்த அன்றிரவே, துணிமணிகளைப் பிரிப்பதற்கும் முன்னதாக, காமிராவையும் லென்ஸ்களையும் துடைத்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு மூடி வைத்துவிடுங்கள். பொட்டலத்திலுள்ள நீல மணிகள் வெளுத்து இளஞ்சிவப்பானால் அவை ஈரத்தால் நிறைந்துவிட்டன என்று அர்த்தம். சூடு காட்டி உலர்த்தினால் மறுபடியும் நீலமாகிவிடும்.