கட்-ஆஃப் இல்லாத கல்லூரி

1875-ல் ஸ்மித் கல்லூரி திறந்தபோது அங்கே படிக்க வந்த பெண்கள் 14 பேர். சொல்லிக்கொடுக்க 6 ஆசிரியர்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், நார்த்தாம்ப்டன் என்ற சிற்றூரில் கட்டடம் எழும்பி, மணியும் அடித்தாயிற்று. பிள்ளைகள் ஏன் இவ்வளவு குறைவு? காரணம் நுழைவுத் தேர்வு. பக்கத்து ஊரில் ஆண்கள் படித்த ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி என்ன கேட்டதோ அதையேதான் இங்கும் கேட்டார்கள்: கிரேக்கம், லத்தீன், கணிதம். பெண்களுக்குக் கிரேக்கம் சொல்லித்தரும் பள்ளிகளே அரிதாக இருந்த காலம் அது. வாஸர், வெல்லெஸ்லி போன்ற மகளிர் கல்லூரிகள் ஆயத்த வகுப்பு நடத்திக் குறையை ஈடுகட்டின. ஸ்மித்தின் முதல் தலைவர் எல். கிளார்க் சீலி அதற்கு இறங்கிவரவில்லை. பதினான்கு பேர் என்றால் பதினான்கு பேர்.

இத்தனைக்கும் இந்தக் கல்லூரிக்குப் பணம் கொடுத்த சோபியா ஸ்மித் கல்லூரிக்கே போகாதவர். பக்கத்தில் உள்ள ஹாட்ஃபீல்ட் கிராமத்துக்காரர். திருமணம் செய்துகொள்ளவில்லை. நாற்பது வயதை ஒட்டிக் காது கேட்காமல் போயிற்று. கூடப்பிறந்தவர்கள் ஒவ்வொருவராகக் காலமாக, 1861-ல் கடைசிச் சகோதரரும் இறந்தபின் குடும்பச் சொத்து முழுக்க அவர் கைக்கு வந்தது. காது கேளாதோருக்கு ஒரு பள்ளி கட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தார். 1867-ல் வேறொருவர் கொடையில் நார்த்தாம்ப்டனிலேயே அப்படி ஒரு பள்ளி வந்துவிட்டது. ஊர்ப் பாதிரியார் ஜான் மார்ட்டன் கிரீன் பேசிப் பேசி, உயில் பெண்கள் கல்லூரியின் பக்கம் திரும்பியது. ஆண்களுக்குக் கிடைக்கும் கல்விக்குச் சமமான கல்வி என்று அதில் எழுதியதோடு சோபியா நிறுத்தவில்லை. அந்தக் கல்வியால் பெண்களின் கூலி சீராகும் என்றும் சேர்த்தார். 1870-ல் இறந்துபோன ஒரு கிராமத்து மூதாட்டிக்கு, பெண்ணின் சம்பளம் ஒரு பிரச்சினை என்று அப்போதே பட்டிருக்கிறது.

நார்த்தாம்ப்டனிலிருந்து பத்து மைல் தள்ளி, சவுத் ஹாட்லியில், மவுண்ட் ஹோலியோக் இருக்கிறது. அது இன்னும் மூத்தது. 1837-ல் மேரி லையன் தொடங்கியது. அங்கே பிரச்சினையாக இருந்தது பணம். ஆண்டுக்கு 60 டாலர்தான் வாங்குவேன் என்று லையன் அம்மையார் பிடிவாதமாக நின்றார். அதற்குக் கட்டுப்படியாக மாணவிகளே முறைவைத்துச் சமைத்தார்கள், துவைத்தார்கள், பெருக்கினார்கள். வேதியியல் வகுப்பை அவரே எடுத்தார். 1915-ல் தொடங்கி இன்று நம் நுங்கம்பாக்கத்தில் இருக்கும் மகளிர் கிறித்தவக் கல்லூரிக்கு நெடுங்காலம் சகோதரக் கல்லூரியாக இருந்தது இந்த மவுண்ட் ஹோலியோக்தான்.

வாசலில் யாரை விடுவது என்ற கேள்விக்கு ஸ்மித் அதன்பின் பலமுறை பதிலை மாற்றி எழுதியிருக்கிறது. அந்தப் பதில் மாறிய போதெல்லாம் உள்ளே நடக்கும் படிப்பும் மாறியது.

கிரேக்கம் எப்போதோ போயிற்று. இன்று நுழைவுத் தேர்வும் இல்லை. எஸ்.ஏ.டி. என்ற பொதுத் தேர்வின் மதிப்பெண்ணை அமெரிக்க மாணவிகள் அனுப்பியாக வேண்டும் என்ற விதியை 2009 சேர்க்கையோடு கைவிட்டார்கள். அப்படியானால் எதை வைத்துத்தான் எடுக்கிறார்கள்? ரேங்க் லிஸ்ட்டில் பெயரைத் தேடிப் பழகிய நமக்கு முதலில் வரும் சந்தேகம் இது. ஒரு விண்ணப்பக் கோப்பைத் திறந்தால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை வாங்கிய மதிப்பெண்கள் இருக்கும். பாடம் நடத்திய ஆசிரியர் இரண்டு பேரின் பரிந்துரைக் கடிதம் இருக்கும். பள்ளி தன்னைப் பற்றியே தரும் ஒரு குறிப்பும் உண்டு: இங்கே என்னென்ன பாடங்கள் கற்பிக்கிறோம், எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போகிறார்கள் என்று. இந்தக் குறிப்பு முக்கியமானது. உயர்கணிதமே இல்லாத பள்ளியில் படித்த பெண்ணை, ஏன் உயர்கணிதம் எடுக்கவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள். இருந்தும் எடுக்காதவளைக் கேட்பார்கள். பிறகு கட்டுரை. எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவாக ஒன்று, ஸ்மித்துக்கென்று 250 சொற்களுக்குள் இன்னொன்று. பெரும்பாலும் விடுதி வாழ்க்கையை ஒட்டியதாகவே அந்தக் கேள்வி இருக்கும். விண்ணப்பக் கட்டணம் கிடையாது.

சமீப ஆண்டுகளில் விண்ணப்பிக்கும் ஐந்து பேரில் ஏறத்தாழ ஒருவருக்குத்தான் இடம். ஆட்களே உட்கார்ந்து கோப்பைப் படித்து முடிவெடுக்கும் இந்த முறையில் ஒரு குறை உண்டு. இடம் கிடைக்காத பெண்ணுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பது கடைசிவரை தெரியாது. நம் ஊரில் அரை மார்க்கில் போச்சே என்று அழவாவது முடியும். அங்கே எதைச் சொல்லி அழுவது? போதாக்குறைக்கு, முன்கூட்டிய முடிவு என்றொரு வழியும் வைத்திருக்கிறார்கள். நவம்பர் நடுவிலேயே விண்ணப்பித்து, இடம் கொடுத்தால் கண்டிப்பாகச் சேருவேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். வேறு கல்லூரி எவ்வளவு உதவித்தொகை தரும் என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பை இழக்க யாருக்குக் கட்டுப்படியாகும்? வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான்.

உள்ளே போனபின் நிலைமை தலைகீழ். சேருவதற்கு இவ்வளவு கேட்ட கல்லூரி, சேர்ந்தபின் கட்டாயமாகக் கேட்பது முதல் ஆண்டில் எழுத்துப் பயிற்சிக்கு முக்கியத்துவம் தரும் ஒரே ஒரு பாடம். அதைத் தவிரப் பொதுக் கட்டாயப் பாடம் எதுவும் இல்லை. பட்டத்துக்கு 128 கிரெடிட் வேண்டும். ஒரு பாடத்துக்குப் பொதுவாக 4 கிரெடிட். 128-ல் பாதியை, அதாவது 64-ஐ, முதன்மைப் பாடத்துக்கு வெளியே எடுத்தாக வேண்டும். முதன்மைப் பாடம் எது என்பதை வந்த அன்றே சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் சொன்னால் போதும். ஒரே பருவத்தில் கரிம வேதியியல், லத்தீன், அச்சோவியம், நிலவடிவமைப்பு என்று நாலு பாடம் எடுக்கலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். கணிதத்தில் பி.எஸ்சி. சேர்ந்த பெண் மூன்று வருடமும் ஓவிய வகுப்பின் பக்கமே தலைவைத்துப் படுக்க முடியாத நம் ஊர் அமைப்பிலிருந்து பார்த்தால் இது சொர்க்கம் மாதிரித் தெரியும்.

இது தானாக நடப்பதில்லை. ஒவ்வொரு மாணவிக்கும் ஓர் ஆசிரியர் ஆலோசகராக இருக்கிறார். பருவந்தோறும் அவர் எதிரே உட்கார்ந்து, இந்த நான்கும் ஏன் என்று பேசித்தான் பாடங்களைப் பதிவு செய்ய முடியும். சுமார் இரண்டாயிரத்து ஐந்நூறு மாணவிகள் படிக்கும் சின்னக் கல்லூரி என்பதால் அது சாத்தியம். லத்தீன் அடைமொழியோடு சிறப்புப் பட்டம் வாங்க ஆசைப்பட்டால், இலக்கியம் முதல் இயற்கை அறிவியல் வரை ஏழு துறைகளிலும் ஒரு பாடமாவது படித்திருக்க வேண்டும். கட்டாயம் என்று சொல்லாமலேயே அங்கே கொஞ்சம் தள்ளிவிடுகிறார்கள். கல்லூரியில் இல்லாத பாடத்துக்கு மவுண்ட் ஹோலியோக்குக்கோ, ஆம்ஹர்ஸ்டுக்கோ, மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துக்கோ பஸ் ஏறிப் போகலாம். இந்தக் கல்லூரிகளைச் சேர்த்து 1965-ல் சட்டப்படி அமைந்த கூட்டமைப்பின் பயன் அது. பஸ்ஸுக்கும் காசில்லை, பாடத்துக்கும் தனிக் கட்டணமில்லை.

தேர்வு நடக்கும் விதத்தைத் தமிழ்நாட்டு ஆசிரியர் ஒருவர் பார்த்தால் மயக்கம் போடுவார். பருவத் தேர்வுக் காலத்தில் பெரும்பாலான பாடங்களுக்குக் கால அட்டவணையே கிடையாது. என்றைக்கு எந்தத் தேர்வு எழுதுவது என்பதை மாணவியே முடிவு செய்து, தேர்வு மையத்துக்குப் போய், தன் பெயருள்ள உறையை வாங்கி எழுதிக் கொடுக்கிறாள். நேற்று எழுதியவள் இன்று எழுதப்போகிறவளிடம் வினாத்தாளைப் பற்றி மூச்சு விடக் கூடாது. கண்காணிப்பாளர் இல்லை, பறக்கும் படை இல்லை. 1944-லிருந்து இருக்கும் நேர்மை விதிக்குக் கட்டுப்படுவதாகச் சேரும்போதே சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். மீறுபவர்கள் இல்லாமல் இல்லை. அதை விசாரிப்பதற்கென்றே ஒரு குழு இருக்கிறது, அதில் மாணவிகளும் உட்காருகிறார்கள்.

முதலாண்டு முதல் கடைசி ஆண்டு வரை எல்லோரும் கலந்து தங்கும் தனித்தனி வீடுகள்தான் விடுதி, சுமார் நாற்பது. வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு வீடு தேநீர். இலையுதிர் காலத்தில் ஒருநாள் காலை ஏழு மணிக்குக் கல்லூரி மணி அடித்தால் அன்றைக்கு வகுப்பு கிடையாது, மலை ஏறலாம், ஆப்பிள் பறிக்கலாம். எந்த நாள் என்பது தலைவருக்கு மட்டுமே தெரியும். 1877-லிருந்து நடக்கும் வழக்கம் இது.

பெண்களுக்காகவே நடந்த கல்லூரிக்கு ஒரு பெண் தலைவராக வர நூறு ஆண்டு ஆயிற்று. 1975-ல் ஜில் கெர் கான்வே பொறுப்பேற்றார். அதே ஆண்டு, வயது கடந்த பெண்களுக்காக ஏடா காம்ஸ்டாக் திட்டம் தொடங்கியது. 24 வயது தாண்டியவர்கள், பிள்ளை வளர்ப்பவர்கள், ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர்கள் இதில் சேரலாம். இடையில் படிப்பை விட்டவர்களுக்கு அவர்கள் முன்பு வாங்கிய கிரெடிட்டைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். அவசரமில்லை, குறைந்த பாடங்களை எடுத்து நிதானமாகவும் முடிக்கலாம். இதில் கவனிக்க வேண்டியது, இவர்களுக்கு மாலை வகுப்போ தபால் வழியோ தனியாக இல்லை. முப்பத்தைந்து வயது அம்மாவும் பதினெட்டு வயதுப் பெண்ணும் ஒரே வகுப்பில், ஒரே மேசையில் உட்காருகிறார்கள். அரசியல் வகுப்பில் குழந்தைகள் காப்பகம் பற்றிப் பேச்சு வந்தால் யார் பேசுவார், யார் கேட்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. கல்யாணத்தால் படிப்பு நின்ற பெண்களுக்கு அஞ்சல்வழிக் கல்வியை மட்டுமே நீட்டும் நம் பெண்கள் கல்லூரிகள் யோசித்துப் பார்க்க வேண்டிய ஏற்பாடு.

டெக்சாஸில் குத்தகை விவசாயியின் மகளாகப் பிறந்த ரூத் சிம்மன்ஸ் 1995-ல் தலைவரானார். அந்தத் தரத்திலுள்ள அமெரிக்கக் கல்லூரிகளில் முதல் கறுப்பினப் பெண் தலைவர் அவரே. அவர் காலத்தில்தான், 1999-ல், பொறியியல் வந்தது. அமெரிக்க மகளிர் கல்லூரி ஒன்றில் முதல் பொறியியல் பட்டப்படிப்பு. கலைக் கல்லூரிக்கு எதற்கு வெல்டிங் பட்டறை என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. 2004-ல் முதல் அணி பட்டம் வாங்கியது. சம்பளமில்லாத பயிற்சி வேலைக்குப் போகும் மாணவிக்குக் கல்லூரியே செலவுத் தொகை தரும் பிராக்சிஸ் திட்டமும் அவர் காலத்தது. கோடையில் சும்மா வேலை பார்க்க வசதி உள்ளவளுக்குத்தான் நல்ல இடத்தில் அனுபவம் கிடைக்கும் என்ற நிலையை ஓரளவு சரிக்கட்டியது அது.

பெண்களை மட்டும் சேர்ப்பதை அமெரிக்கச் சட்டம் எப்படி அனுமதிக்கிறது? 1972-ல் வந்த பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டம், தனியார் கல்லூரிகளின் இளநிலைச் சேர்க்கைக்கு விலக்குக் கொடுத்தது. அரசுக் கல்லூரிகளுக்கு வழி அடைந்துகொண்டே வந்தது. மிசிசிப்பி மாநிலத்தின் மகளிர் பல்கலைக்கழகத்தில் செவிலியர் படிப்புக்கு இடம் மறுக்கப்பட்ட ஓர் ஆண் தொடுத்த வழக்கில், 1982-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சென்னை ராணி மேரி கல்லூரி மாதிரி அரசே நடத்தும் மகளிர் கல்லூரி அங்கே ஏறக்குறைய வழக்கொழிந்துபோனது இப்படித்தான். 1960-ல் சுமார் 230 ஆக இருந்த மகளிர் கல்லூரிகள் இப்போது 40-க்கும் கீழே. வாஸர் 1969-ல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டது. கலிஃபோர்னியாவின் மில்ஸ் கல்லூரி 2022-ல் வேறொரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. ஸ்மித்தின் விலக்கும் இளநிலைக்கு மட்டும்தான். முதுநிலை வகுப்புகளில் அங்கே ஆண்கள் படிக்கிறார்கள்.

யார் பெண் என்ற கேள்வியும் வாசலில் வந்து நின்றது. 2013-ல் ஒரு திருநங்கையின் விண்ணப்பத்தை, உதவித்தொகைப் படிவத்தில் ஆண் என்று இருந்ததைக் காட்டி ஸ்மித் திருப்பி அனுப்ப, வளாகத்திலும் வெளியிலும் கிளர்ச்சி வெடித்தது. மவுண்ட் ஹோலியோக் 2014-லேயே கதவைத் திறந்தது. ஸ்மித் 2015 மே மாதம் திருநங்கையருக்கு இடம் தருவதாக அறிவித்தது.

கடைசியில் பணம். தங்கும் செலவு, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டிவிட்டது. மேரி லையனின் அறுபது டாலரை நினைத்தால் சிரிப்பு வரும். முழுத் தொகையையும் கட்டுகிறவர்கள் சிறுபான்மைதான். குடும்பத்தால் எவ்வளவு முடியும் என்று கல்லூரி கணக்குப் போட்டு மீதியைத் தானே ஏற்கிறது. 2022 முதல் அந்த உதவித் தொகுப்பில் கடன் என்ற வரியை எடுத்துவிட்டு, அதற்கு மாற்றாக மானியம் வைத்தார்கள். படித்து முடித்ததும் கழுத்தை நெரிக்கும் கல்விக் கடனுக்குப் பேர்போன நாட்டில் இது சாதாரண முடிவல்ல.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ விண்ணப்பிப்பவர்களுக்கும் உதவி உண்டு, ஆனால் பட்ஜெட் வேறு. உன்னால் எவ்வளவு கட்ட முடியும் என்பது வெளிநாட்டு மாணவியைப் பொறுத்தவரை இடம் கொடுப்பதா இல்லையா என்ற முடிவிலேயே எடை போடப்படுகிறது. அதனால் சில வீடுகளில் ஒரு யோசனை ஓடும்: உதவி வேண்டாம் என்று போட்டு முதலில் சேர்ந்துவிடுவோம், இரண்டாம் வருடம் நிலைமையைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம் என்று. அது அங்கே எடுபடாது. சேரும்போது உதவி கேட்காத வெளிநாட்டு மாணவிக்கு நான்கு ஆண்டும் கல்லூரி நிதியிலிருந்து உதவி இல்லை. அப்பாவின் சம்பளச் சான்று, வருமானவரிக் கணக்கு, வங்கி இருப்பு எல்லாவற்றையும் சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல் என்ற படிவத்தில் நிரப்பி, கட்டுரையோடு கட்டுரையாக அதையும் அந்தந்தக் கெடுவுக்குள் அனுப்பியாக வேண்டும். பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் இந்த வேலையும் வந்து நிற்கும்.