பட்டத்திற்குப் பின்னும் ஒரு பயிற்சி

பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் இல்லமொன்றைச் சந்திக்கச் சென்றிருந்தோம். மூத்த மகள் மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் பெற்றவள். "இத்தனை படித்தும் வேலையில்லையே, சாமி! கல்யாணத்தையாவது முடித்துவிடலாமா?" எனத் தாய் கலங்கினார். மகள் தறியருகே தலைகவிழ்ந்து நின்றாள்.

பெற்றோரே, அத்துறையில் பட்டம் பெற்றபின் வேறோர் ஆய்வுக்கூடத்தில் சில ஆண்டுகள் உழைப்பது வழக்கம். அதற்கு ஊதியமும் உண்டு. அதனை வேலையின்மை என்று எண்ணற்க. சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் 1976-இல் இயற்பியலில் முனைவரானார். பின்னர் உயிரியலை நாடி மீண்டும் மாணவராய் அமர்ந்தார். அதுவும் குடும்பஸ்தரான பிறகு! ரைபோசோம் பற்றிய கட்டுரையொன்றைப் படித்தவர், அதை எழுதியவர்களுள் ஒருவருக்கு மடல் விடுத்தார். அதன் வழியே யேல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மூரிடம் ஆய்வுப் பணி கிடைத்தது. அதன்பின் ஏறத்தாழ 50 கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தும் ஆசிரியப் பணி கிட்டவில்லை. அந்த ரைபோசோம் ஆய்வுக்கே 2009-இல் நோபல் பரிசு வந்தது.

மகளிடம் நாம் கூறியது இதுவே: விளம்பரத்திற்காகக் காத்திராதே. எவருடைய ஆய்வு உன்னைக் கவர்ந்ததோ, அவருக்கே சுருக்கமாக எழுது. அவர் கட்டுரையை நீ படித்திருப்பது மடலில் தெரியட்டும். ஒரே மடலை நூறு பேருக்கு அனுப்புவது வீண்.

"எத்தனை ஆண்டு, சாமி?" என்றார் தாய்.

"இரண்டோ மூன்றோ" என்றோம்.

அவர் விடை கூறவில்லை. காபி கலக்க உள்ளே சென்றார். மகளோ தாளும் பேனாவும் தேடலானாள்.